பல்லாவரத்துச் சாலையில் ஆங்கிலச் சொற்கள்

ஒரு சொல்லின் பிறப்பை அறிய விரும்புவோர் அகராதியைப் புரட்டுவதே வழக்கம். எனினும், அகராதி சுட்டும் கிரேக்கமும் லத்தீனும் நமக்கு எட்டாத தேசங்களின் பழம் பாஷைகளாய்த் தோன்றுவதால், படித்த மறுநாளே அச்செய்தி மனத்தினின்று நழுவிவிடுகிறது. அவ்வாறன்றி, மக்கள் நாள்தோறும் நடமாடும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அதன் தெருப் பெயர்களையும் ரயில் நிலையங்களின் பெயர்களையும் கல்குழிகளையும் தொழிற்கூடங்களையும் ஒவ்வொன்றாய் நிறுத்தி, இந்தச் சொல் இங்கே யாரால் வந்தது, எந்தக் காரியத்தின் பொருட்டு வந்தது என்று விசாரிப்போமாயின், ஊரின் சரித்திரமும் சொல்லின் சரித்திரமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதைக் காணலாம். பரங்கிமலையிலிருந்து தாம்பரத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையின் நடுவே அமைந்த பல்லாவரம் இத்தகைய விசாரணைக்கு மிகவும் ஏற்ற ஸ்தலமாகும்.

பல மொழிகள் ஒரே இடத்தில் கூடி வாழ்வது இவ்வூருக்குப் புதிதன்று. பல்லவபுரம் என்னும் பழம்பெயரே பல்லாவரம் எனத் திரிந்தது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் இங்குள்ள குன்றைக் குடைந்து ஒரு குகைக் கோயில் அமைத்து, தன் விருதுப் பெயர்களை அதன் பாறையில் பொறித்து வைத்தான்; அவ்விருதுகளுள் வடமொழிப் பெயர்களோடு தெலுங்குப் பெயர்களும் கலந்து நிற்கின்றன. அந்தக் குகையே பிற்காலத்தில் இஸ்லாமியர் வழிபடும் தர்காவாயிற்று. தமிழ் பேசும் ஊரின் கல்லில் வடமொழியும் தெலுங்கும் அரசனுடைய பெயராய் இடம்பெற்றமை போல, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்பு ஆங்கிலம் இவ்வூரின் தெருக்களில் இடம்பெற்றது. ஆனால் அந்த ஆங்கிலமும் தனி ஆங்கிலமாய் வரவில்லை என்பதுதான் ஆராயத்தக்க விஷயம்.

பல்லாவரத்துக்கு வடக்கே நிமிர்ந்து நிற்கும் பரங்கிமலையிலிருந்தே தொடங்குவோம். தோமையர் பெயரால் ஐரோப்பியர் வழங்கும் இம்மலையின்மீது போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கோயில் எழுப்பினர். அவர்களைச் சுட்டிய பரங்கி என்னும் பெயரே மலைக்கும் பெயராயிற்று. பரங்கி என்பது எங்கிருந்து வந்தது? இன்றைய பிரான்ஸ் தேசத்தை முன்னாளில் வென்று ஆண்ட ஜெர்மானியக் குலத்தாருக்கு ஃபிராங்க் என்று பெயர். சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கிலிருந்து வந்த கிறிஸ்தவர் அனைவரையும் அரபியர் அப்பெயராலேயே அழைக்க, அது பாரசீகத்தில் ஃபரங்க் ஆகி, கடல் வழியாகவும் தரை வழியாகவும் இந்தியாவை அடைந்து, தமிழன் நாவில் பரங்கி என நிலைத்தது. அதே குலப்பெயர் மேற்கே வேறொரு பாதையில் சென்றது. அக்குலத்தார் ஆண்ட நாட்டில் முழு உரிமை பெற்ற சுதந்திர மனிதர் அவர்களே ஆகையால், ‘ஃபிராங்க்’ என்பது சுதந்திரன் என்று பொருள்பட்டது. சுதந்திரன் அச்சமின்றிப் பேசுவான் ஆகையால், ஒளிவு மறைவின்றிப் பேசுபவன் என்ற பொருள் பின்னர் ஆங்கிலத்தில் விளைந்தது. ‘ஃபிராங்காகச் சொல்லுங்கள்’ என்று இன்று அலுவலகத்தில் கேட்கும் தமிழரும், ‘பரங்கிமலையில் இறங்குங்கள்’ என்று ரயிலில் வழி சொல்லும் தமிழரும் ஒரே பழங்குலத்தின் பெயரையே உச்சரிக்கின்றனர். கட்டணமின்றிச் செல்லும் உரிமை பெற்ற கடிதத்தின்மேல் இடும் முத்திரைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். வாக்குரிமையைக் குறிக்கும் ‘ஃபிராஞ்சைஸ்’ என்னும் சொல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

பரங்கிமலையும் பல்லாவரமும் ஒரே படைத்தங்கலின் இரு பாகங்கள். இன்றும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கண்டோன்மென்ட் வாரியம் நிர்வாகம் செய்கிறது. இந்தக் கண்டோன்மென்ட் என்னும் சொல்லின் அடியில் இருப்பது மூலை என்று பொருள்படும் ஒரு சிறு சொல். இத்தாலியத்தில் மூலையைக் குறித்த ‘கான்டோ’ என்பதிலிருந்து நாட்டின் ஒரு பகுதியைக் குறிக்கும் ‘கான்டன்’ பிறந்தது. சுவிட்சர்லாந்தின் உட்பிரிவுகளுக்கு இன்றும் அதுவே பெயர். படையைப் பகுதி பகுதியாய்ப் பிரித்துக் கிராமங்களில் தங்கவைப்பதைப் பிரெஞ்சுக்காரர் அச்சொல்லின் வழியே குறித்தனர். ஐரோப்பாவில் அது போர் ஓய்ந்த மாரிக்காலத்துக்கு மட்டும் உரிய தற்காலிகத் தங்கலாகும். வசந்தம் வந்ததும் படை புறப்பட்டுவிடும். இந்தியாவிலோ கும்பினியாரின் படைக்கு ஊர் திரும்பும் பருவமே இல்லாமற்போயிற்று. ஆகவே மூலையில் சில மாதம் ஒதுங்குதலைக் குறித்த சொல், மருத்துவமனையும் கடைத்தெருவும் கல்லறைத் தோட்டமும் கொண்ட நிரந்தர நகரத்தைக் குறிக்கலாயிற்று. சொல்லின் பொருள் மாறியதற்குக் காரணம் இலக்கணத்தில் இல்லை; ஆட்சியின் இயல்பில் இருந்தது.

அப்படைத்தங்கலின் ஒரு பகுதிக்கு வெட்டரன் லைன்ஸ் என்று பெயர். பணியினின்று ஓய்வுபெற்ற பழம் படைவீரர்கள் குடியிருந்தமையால் வந்த பெயர் அது. லத்தீனில் ‘வெட்டஸ்’ என்றால் முதுமையானது. நெடுங்காலம் போர் செய்து முடித்த வீரனை ரோமர் அவ்வடியாகப் பிறந்த சொல்லால் அழைத்து, வென்ற நாடுகளில் அவனுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினர். பிரித்தானியப் பேரரசும் தன் முதிய வீரர்களைப் பல்லாவரத்தில் குடியேற்றி, ரோமரின் வழக்கத்தோடு ரோமரின் சொல்லையும் கையாண்டது. ‘லைன்’ என்பதோ லத்தீனில் ஆளிச்செடியைக் குறித்த ‘லினும்’ என்பதிலிருந்து வந்தது. ஆளியின் நாரால் திரித்த நூல் முதலில் ‘லைன்’ எனப்பட்டது. தச்சன் அந்நூலை நீட்டிப் பிடித்துக் கோடு போட்டமையால் கோடும், கோடுபோல் வரிசையாய் நின்ற வீரர்களும், அவ்வீரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளும் அப்பெயரையே பெற்றன. அதே நாரால் நெய்த துணிக்கு ‘லினன்’ என்று பெயர். வெள்ளை லினன் சட்டை அணிந்து லைன் வீட்டில் குடியிருப்பவர் ஒரு செடியின் பெயரை இருமுறை சுமக்கிறார்.

படைத்தங்கல் சொற்களை இறக்குமதி செய்தது போலவே ஏற்றுமதியும் செய்தது. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆயிற்று. கறி ‘கரி’ ஆயிற்று. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ என்னும் பெயருடன் ஆங்கிலேயர் மேசையில் சூப்பாக அமர்ந்தது. அந்த மிளகுத்தண்ணீரின்மீது சென்னை மாகாணத்து ஆங்கிலேயருக்கு இருந்த பிரீதியைக் கண்டு, வங்காளத்திலும் பம்பாயிலும் இருந்த ஆங்கிலேயர் இவர்களுக்கு ‘மல்’ என்று அதன் முதலசையையே பட்டப்பெயராய்ச் சூட்டினர். இவ்வாறு ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களையும், இந்தியாவில் உருமாறிய ஆங்கிலச் சொற்களையும் திரட்டி, ஹென்றி யூல் என்பவரும் சென்னை மாகாணத்தில் நீதிபதியாயிருந்த ஏ. சி. பர்னெல் என்பவரும் இயற்றிய பேரகராதி 1886-ல் வெளிவந்தது. பர்னெல் அதற்கு நான்கு ஆண்டு முன்பே காலஞ்சென்றுவிட்டார். ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அதன் விநோதத் தலைப்பே படைவீட்டுச் சரக்கு. மொகரம் பண்டிகையில் ஹசன், உசேன் பெயரைச் சொல்லி மார்பில் அறைந்துகொண்டு செல்வோரின் ஓலத்தைக் கேட்ட ஆங்கிலச் சிப்பாய்கள், தங்கள் ஊர்க் குடும்பப் பெயர்கள் இரண்டைப் போல அதை உருமாற்றிச் சொன்னார்கள். அந்த உருமாற்றத்தையே நூலாசிரியர்கள் நூலுக்குப் பெயராக்கினர்.

படையை விடுத்துக் கல்லுக்கு வருவோம். பல்லாவரத்தைச் சுற்றியுள்ள குன்றுகள் சென்னையின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் கருங்கல்லும் ஜல்லியும் தந்தவை. கல்வெட்டும் இடத்தை ஆங்கிலத்தில் ‘குவாரி’ என்கிறோம். சதுரம் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சின் வழியே வந்த அது, கல்லைச் சதுரமாய்ச் சீர் செய்யும் இடம் என்று பொருள்படும். சாலையில் பரப்பும் உடைகல்லை நம் கொத்தனார்களும் மேஸ்திரிகளும் ‘புளூ மெட்டல்’ என்று சொல்லக் கேட்டு, கல்லை உலோகம் என்பது பிழையென்று படித்தவர் சிலர் நகைப்பதுண்டு. நகைப்பதற்கு இடமில்லை. கிரேக்கத்தில் ‘மெட்டலோன்’ என்றால் முதலில் சுரங்கம், கல்குழி என்றே பொருள். அங்கிருந்து தோண்டி எடுத்த பொருளுக்கு அப்பெயர் ஆகிவந்து, பின்னர் உலோகத்துக்கே உரியதாய்ச் சுருங்கியது. பல்லாவரத்து ஜல்லி, அச்சொல்லின் மூத்த பொருளுக்கு அண்மையில் நிற்கிறது.

இவ்வூர்ப் பாறைக்கு விஞ்ஞான உலகம் இட்ட பெயரின் கதை இன்னும் விசித்திரமானது. கல்கத்தாவில் கும்பினியின் நிலையை நாட்டிய ஜாப் சார்னக், வங்காளத்தில் தோல்வியுற்று 1689-ல் சென்னைக்கு வந்து தங்கி, மறு ஆண்டு மீண்டும் வடக்கே சென்று ஹூக்ளி நதிக்கரையில் குடியேறியவர். அவர் இறந்தபின் கல்கத்தாவில் அமைத்த சமாதியின்மேல் ஒரு கருங்கல் பலகை பொருத்தப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்து, தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலறிஞர் அப்பலகையைச் சோதித்து, பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் உள்ள பாறையும் அதுவும் ஒரே இனம் என்று கண்டார். அதுவரை தனிப்பெயர் பெறாத அவ்வினத்துக்கு, சமாதியில் உறங்குபவரின் பெயரைக் கொண்டு 1893-ல் ‘சார்னக்கைட்’ என்று பெயரிட்டார். இலங்கையிலும் நார்வேயிலும், மனிதர் குடியிராத தென் துருவக் கண்டத்திலுங்கூட அவ்வகைப் பாறையைக் காணும் ஆராய்ச்சியாளர் இன்று அப்பெயரையே எழுதுகின்றனர். பாறை பல்லாவரத்தின் பக்கத்தது. பெயரோ இம்மலைகளோடு யாதொரு சம்பந்தமுமின்றி வங்கத்தில் மாண்ட வணிகருடையது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு சில வேளைகளில் இவ்வளவு தற்செயலானது என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் மறத்தலாகாது.

கருங்கல்லுக்கு மேலே பரவிக் கிடக்கும் சிவந்த புரைக்கல்லுக்கு ஆங்கிலத்தில் ‘லேட்டரைட்’ என்று பெயர். மலையாள நாட்டில் அங்காடிப்புரம் என்னும் ஊரில், தோண்டும்போது மண்வெட்டியால் வெட்டுமளவு மென்மையாயும் காற்றுப்பட்டதும் செங்கல்போல் இறுகுவதாயும் உள்ள அக்கல்லை மக்கள் வீடு கட்டப் பயன்படுத்துவதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-ல் வெளிவந்த தமது பிரயாண நூலில் அப்பெயரை அமைத்தார். லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். ஆனால் அக்கருத்து அவருடைய சொந்தக் கற்பனையன்று. இந்நாட்டு மக்கள் பல மொழிகளில் அதை இட்டிகைக்கல், அதாவது செங்கற்கல், என்றே வழங்கியதை அவரே குறித்திருக்கிறார். நம்மவர் வழங்கிய பெயரை லத்தீனில் பெயர்த்து, உலகத்துக்கெல்லாம் பொதுவாக்கினார் என்பதே உண்மை. ஒலியைக் கடன் வாங்காமல் கருத்தை மட்டும் கடன் வாங்கும் இம்முறையைப் பற்றிப் பின்னும் பேச வேண்டியிருக்கிறது.

பல்லாவரத்தில் அந்தப் புரைக்கல் சரளை தோண்டிய குழி ஒன்றில், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கருவி அது என்று அவர் துணிந்து கூறியதே, இந்தியாவின் தொல்பழங்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயிற்று. அது எந்த யுகத்துக்குரியது என்று இன்று கேட்டால், பள்ளி மாணவனும் ‘பேலியோலிதிக்’, பழைய கற்காலம் என்று சொல்லிவிடுவான். ஆயினும் ஃபுட் அக்கருவியைக் கையில் எடுத்த நாளில் அச்சொல் பிறக்கவேயில்லை. பழமை, கல் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஆங்கில அறிஞர் ஜான் லப்பக் அதை 1865-ல்தான் வழங்கினார். பொருள் முன்னும் பெயர் பின்னும் பிறத்தல் உலகியற்கை. இங்கே பொருள் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்க, அதன் பெயர் இரண்டே ஆண்டுகள் பின்தங்கிவிட்டது. இவ்வூரில் தொல்பொருள் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த, கால்கள் வைத்துச் செய்த சுடுமண் ஈமப்பேழைகளுக்கும் ஆங்கிலத்தில் ஒரு கிரேக்கப் பெயரே உண்டு. ‘சார்க்கோபேகஸ்’ என்றால் தசையைத் தின்பது. உடலை விரைவில் அரித்துவிடும் என்று கிரேக்கர் நம்பிய ஒருவகைக் கல்லால் செய்த பெட்டிக்கு இட்ட பெயர், பல்லாவரத்து மண்பெட்டிக்கும் வந்து சேர்ந்தது.

கல்லுக்கு அடுத்து இப்பகுதியின் வாழ்வை உருவாக்கியது தோல். தோல் பதனிடும் தொழிற்கூடத்தை மக்கள் டேனரி என்கின்றனர். ‘டான்’ என்பது இடைக்கால லத்தீனில் இடித்த ஓக் மரப்பட்டையின் பெயர். ஐரோப்பியர் அப்பட்டையை ஊறவைத்த நீரில் தோலைப் பதப்படுத்தினமையால் தொழிலுக்கும், பதப்பட்ட தோலின் பழுப்பு நிறத்துக்கும், வெயிலில் கறுத்த உடலின் நிறத்துக்கும் அது பெயராயிற்று. தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான ‘டானின்’ என்னும் சத்தும் அதன் வழித்தோன்றலே. ஓக் வளராத நம் நாட்டில் ஆவாரம் பட்டையே அவ்வேலையைச் செய்தது. ஆவாரம் பட்டையால் பதனிட்ட தென்னிந்தியத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் சந்தையில் தனிப் பெயர் பெற்றிருந்தது. தமிழிலும் துவர் என்னும் சொல் சுவையினின்று நிறத்துக்குச் சென்று, காவி தோய்த்த ஆடையைத் துவராடை எனக் குறித்தது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள், மரப்பட்டையின் சாற்றைக் கண்ட மாத்திரத்தில் ஒரே திசையில் சிந்தித்திருக்கின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ‘டான்’ என்பதன் வழியே பழுப்பு நிறத்தைக் குறிக்கும் ‘டானி’ என்ற ஆங்கிலச் சொல் உண்டு, மேலே கண்ட ‘மல்லிகடானி’யின் ஈற்றிலும் அதே ஒலி உண்டு, சூப்பின் நிறமும் பழுப்பே. எழுத்திலும் ஒலியிலும் நிறத்திலும் பொருத்தம் கண்ட ஒருவர், இரண்டும் ஒன்றென்று முடிவு கட்டிவிடலாம். ஆயின் ஒன்று ஓக் மரத்திலிருந்தும் மற்றொன்று நம் தண்ணீரிலிருந்தும் வந்தவை. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு உலகத்து மொழிகளையெல்லாம் ஒரு மொழியின் குழந்தைகளாக்கிக் காட்டும் உற்சாகம் நம்மிடையே மிகுதி. ஒரு சொல் எந்த ஆண்டில் எந்த ஏட்டில் எந்தப் பொருளில் முதலில் தோன்றியது, எந்த மக்கள் அதைச் சுமந்து வந்தனர் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்பே உறவு கொண்டாடுதல் முறையாகும்.

பட்டைப் பதனீட்டுக்கு வாரக்கணக்கில் காலம் செல்லும். குரோமிய உப்பைக் கொண்டு மிக விரைவில் பதனிடும் புதுமுறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பரவியது. அதைச் சென்னையில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன், அரசினர் கலைப்பள்ளியில் 1903-ஐ ஒட்டிச் சோதனை செய்து காட்டினார். அடுத்த பத்தாண்டில் ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அத்தொழிற்சாலையைச் சூழ்ந்து எழுந்த ஊரே குரோம்பேட்டை. 1797-ல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் வோக்கலின், சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் கனிமம் ஒன்றில் ஒரு புதிய உலோகத்தைக் கண்டபோது, அதன் கூட்டுப்பொருள்கள் மஞ்சள், சிவப்பு, பச்சை எனப் பலவாறு ஒளிர்ந்தமையால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அதற்குப் பெயராக்கினர். அக்கிரேக்கச் சொல், பிரெஞ்சு ஆராய்ச்சிக் கூடத்தையும் அமெரிக்கத் தோல் தொட்டியையும் கடந்து வந்து, நம் பேட்டையோடு சேர்ந்து ஓர் ஊரின் பெயராயிற்று. அப்பேட்டையும் ஆங்கிலத்துக்குப் போகாமலில்லை. கோட்டையின் பக்கத்தே அமைந்த குடியிருப்பைக் குறிக்கப் ‘பெட்டா’ என்ற உருவில் ஆங்கிலேயர் அதை எழுதிவந்தனர்.

கம்பெனி என்ற சொல்லையும் கவனிக்கவேண்டும். உடன் என்பதும் ரொட்டி என்பதும் லத்தீனில் சேர்ந்து பிறந்த அச்சொல்லுக்கு, ஒருங்கே உண்போர் என்று பொருள். தமிழில் அது இருமுறை நுழைந்தது. முதன்முறை வாள் ஏந்தி வந்தபோது மக்கள் அதைக் கும்பினி என்றனர். இரண்டாம் முறை கூலி கொடுக்கும் தொழிற்சாலையாய் வந்தபோது கம்பெனி என்றனர். இரண்டு உருவங்களையும் வைத்துக்கொண்ட தமிழ் வழக்கு, இரு காலங்களின் அனுபவத்தையும் வேறு வேறாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

குரோம்பேட்டைக்கு அப்பால் தாம்பரம் சானடோரியம். காசநோய்க்கு மருந்து இல்லாத அந்நாளில், தூய காற்றும் வெயிலும் ஓய்வுமே சிகிச்சையாயிருந்தன. இங்கிலாந்தில் நெடுங்காலம் அந்நோய்க்கு வைத்தியம் செய்து திரும்பிய டாக்டர் சவுரி முத்து, 1928-ல் இங்கே ஓர் ஆரோக்கிய நிலையத்தைத் திறந்தார். பின்னர் 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. நலமாக்குதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையின் வழியே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட சொல் சானடோரியம். புத்தி தெளிவை உணர்த்தும் ‘சேன்’, சுகாதாரத்தை உணர்த்தும் ‘சானிட்டரி’ என்பனவும் அவ்வினத்தன. நோய்க்கு மருந்து வந்தபின் ஐரோப்பாவில் அவ்வகை நிலையங்கள் பெரும்பாலும் மூடப்பட்டு, சொல்லும் வழக்கு ஒழிந்து வருகிறது. இங்கோ ரயில் நிலையத்தின் பெயராய் நின்றுவிட்டமையால், நோயைப் பற்றிய நினைவே இல்லாத மாணவரும் உத்தியோகஸ்தரும் ஒவ்வொரு காலையிலும் அதை உச்சரிக்கின்றனர்.

அந்த ரயிலும் சொற்களின் களஞ்சியமே. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், வயல்வெளிகளாயிருந்த இவ்வூர்கள் நகரத்து உத்தியோகஸ்தர்களின் குடியிருப்புகளாயின. ‘டிரெயின்’ என்பது இழுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையின் வழியது; அரசியின் அங்கியில் பின்னே இழுபட்டுத் தொடரும் பகுதிக்கும், பிரபுவைப் பின்தொடரும் பரிவாரத்துக்கும் வழங்கிய பெயர், இயந்திரத்தைப் பின்தொடரும் பெட்டிகளுக்கு ஆயிற்று. ‘டிக்கெட்’ என்பது பழம் பிரெஞ்சில் ஒட்டிவைத்த சீட்டைக் குறித்தது. அரண்மனையில் நடந்துகொள்ளும் விதிகளைச் சீட்டில் எழுதித் தந்த வழக்கத்தால் ‘எட்டிக்கெட்’ என்று மரியாதை முறைக்கும் அதுவே பெயர். மாதச் சீட்டு வாங்குவோர் அதைச் ‘சீசன்’ என்று சுருக்கிச் சொல்கின்றனர். அச்சொல்லின் மூலமோ லத்தீனில் விதைப்பு. விதைக்கும் காலம் எக்காலத்துக்கும் பொதுப்பெயராகி, குறித்த காலத்துக்குச் செல்லும் சீட்டுக்கும் ஆகிவந்தது. ஏர் ஓடிய நிலங்களில் எழுந்த வீடுகளிலிருந்து புறப்படுவோர், விதைப்பின் பெயரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்கின்றனர்.

ரயில் பாதைக்கு இணையாகச் செல்லும் சாலைக்குக் ‘கிராண்டு சதர்ன் டிரங்கு ரோடு’ என்பது முழுப்பெயர். டிரங்கு என்றால் லத்தீனில் கிளை வெட்டிய அடிமரம். அடிமரத்தைக் குடைந்து செய்த பெட்டி டிரங்குப் பெட்டியாயிற்று. கிளைச் சாலைகளுக்குத் தாயான சாலை டிரங்கு ரோடாயிற்று. இச்சாலைக்கு அருகே வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரத்துச் சந்தை, பழம்பொருள்களுக்குப் பிரசித்தமானது. அந்தக் கிழமையின் பெயரிலும் ஒரு விசேஷம் உண்டு. ஏழு கோள்களுக்கு ஏழு நாள்களை உரிமையாக்கிய வழக்கம் கிரேக்க ரோம உலகிலிருந்து கிழக்கிலும் மேற்கிலும் பரவியபோது, ரோமர் வீனஸுக்கு உரியதாக்கிய நாளை, ஜெர்மானியர் தம் தேவதையாகிய ஃபிரிக்கின் நாளாக்கி ‘ஃபிரைடே’ என்றனர்; நாம் அக்கோளின் தமிழ்ப் பெயராலேயே வெள்ளி என்றோம். இருவரும் ரோமரின் ஒலியை ஏற்கவில்லை. கருத்தை மட்டும் ஏற்றுத் தத்தம் சொல்லில் அமைத்துக்கொண்டனர். புக்கானன் இட்டிகைக்கல்லை லத்தீனாக்கியதும் இவ்வாறே.

இதுகாறும் கண்டவற்றால், பிறருடைய பொருளை ஒரு மொழி ஏற்கும் வழிகள் இரண்டென்பது புலனாகும். சிப்பாய், கம்பெனி, குரோம்பேட்டை போல ஒலியோடு ஏற்பது ஒன்று. வெள்ளிக்கிழமை போலக் கருத்தை ஏற்றுச் சொல்லைத் தன்னிடமிருந்தே தருவது மற்றொன்று. இரண்டாம் வழியையே தமிழுக்கு நெறியாக வற்புறுத்திய பேரறிஞர் இதே பல்லாவரத்தில் வாழ்ந்தார் என்பது இவ்வூரின் பெரும் சிறப்பு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து விலகி 1911-ல் இங்கு குடியேறிய சுவாமி வேதாசலம், 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, தம் பெயரையும் மறைமலையடிகள் என மாற்றிக்கொண்டார். வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் சுவாமி அடிகளாகவும் பெயர்ந்த அப்பெயரே கருத்தை நிறுத்தி ஒலியை மாற்றும் முறைக்கு முதல் உதாரணம். வள்ளலார் பாடலொன்றில் தேகம் என நின்ற இடத்தில் யாக்கை என்றிருப்பின் எவ்வளவு இனிமையாயிருக்கும் என்று தம் மகளார் நீலாம்பிகையோடு உரையாடியதில் அவ்வியக்கத்தின் வித்து விழுந்ததென்பர். நீலாம்பிகை அம்மையார் பின்னர் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் திரட்டி அகரவரிசையே அமைத்தார்.

அடிகளை ஆங்கிலத்தின் பகைவராய் எண்ணுதல் பெரும் பிழை. 1908-ல் அவர் ஆங்கிலத்திலேயே ஒரு பத்திரிகை நடத்தினார். தம் தமிழ் நூல்களுக்கு ஆங்கிலத்தில் விரிவான முன்னுரைகள் எழுதினார். அவருடைய நூலகத்தில் ஆங்கில நூல்கள் நிறைந்திருந்தன. ஒரு சொல்லை விலக்கவேண்டுமானால் முதலில் அது எந்த மொழியது என்று அறியவேண்டும். அறிவதற்கு அம்மொழியைக் கற்கவேண்டும். ஆகவே, சொற்பிறப்பு ஆராய்ச்சியில் மிகுந்த உழைப்பைக் கோருவது தனித்தமிழ் நெறியே. வடசொற்களைத் தாராளமாகக் கையாளும் இக்கட்டுரையை அடிகள் அங்கீகரித்திருக்கமாட்டார். ஆயினும் எந்தச் சொல் எவ்விடத்தது என்று விசாரிக்கும் முயற்சியை விரும்பியிருப்பார் என்றே நம்பலாம்.

அவர் காட்டிய வழியில் பிற்காலத்தார் ஆக்கிய சொற்களுள் சில, மூலச் சொற்களின் உள்ளத்தையே தொட்டுவிட்டன. ஒன்றையொன்று பின்தொடர்வது என்ற கருத்துடைய ‘டிரெயின்’ தமிழில் தொடர்வண்டி ஆனது. நகரத்தின் அடியில், அதாவது மதிலுக்கு வெளியே இருப்பது என்று பொருள்படும் லத்தீன்வழிச் ‘சபர்ப்’ புறநகர் ஆனது. ஒட்டுச்சீட்டாகிய ‘டிக்கெட்’ பயணச்சீட்டு ஆனது. ஆனால் குரோம்பேட்டையை யாரும் நிறப்பேட்டை என மாற்ற முயலவில்லை, முயன்றாலும் நிலைக்காது. ஒரு தொழிலையோ கருவியையோ குறிக்கும் சொல்லுக்கு நம் சொல்லைத் தரலாம். ஓர் இடத்தில் நடந்த காரியத்துக்குச் சான்றாய் நிற்கும் பெயரை மாற்றினால் அச்சான்று அழிந்துபோகும். இவ்வேறுபாட்டை உணராமல் எல்லாவற்றையும் மாற்றுவதும், எதையும் மாற்றலாகாதென்று பிடிவாதம் செய்வதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் அம்மொழியின் முன் இருவிதமாய் நிற்கின்றனர். அது எட்டாத உயரத்தில் இருப்பதாய் அஞ்சுவோர் சிலர், அதைப் பேசுவதாலேயே தாம் உயர்ந்துவிட்டதாய்ச் செருக்குறுவோர் சிலர். பல்லாவரத்துச் சாலையில் ஒரு நாள் நடந்து, கண்டோன்மென்ட் இத்தாலியத்தின் மூலை, சீசன் லத்தீனின் விதைப்பு, குரோம் கிரேக்கத்தின் நிறம், லேட்டரைட் நம் இட்டிகைக்கல்லின் மறுவடிவம் என்று ஆசிரியர் எடுத்துக் காட்டுவாராயின், ஆங்கிலமும் நம் மொழியைப் போலவே அண்டை அயலிலிருந்து பெற்றும் பிறர்க்குத் தந்தும் வளர்ந்த மொழியே என்று அப்பிள்ளைகள் தெளிவார்கள். அத்தெளிவு உண்டானபின், ஒரு சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதா, அதன் கருத்துக்குத் தமிழில் உரு அமைப்பதா என்பதை அவர்களே காரணத்தோடு தீர்மானிக்கலாம்.